வெயிலில் விட்டுப்போன கோடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் உட்கார்ந்தேன். வழக்கமாக வாங்குவது கடையில் தீர்ந்துபோனதால் வேறு ஏதோ ஒரு பாக்கெட். மனைவி அதைப் பிரித்துக் கிண்ணத்தில் கலக்கியதும் ஒரு நெடி கிளம்பி மூக்குக்குள் கம்பியை விட்டு ஆட்டியது பாருங்கள், இரண்டு கண்ணிலும் பொலபொலவென்று தண்ணீர். "தலை நரைச்சதுக்கு இப்பவா அழுவறீங்க?" என்று கேட்டாள் அவள். அந்த நொடியில் நான் கொல்லைப்புறத்திலேயே இல்லை. எண்பதுகளின் தொடக்கத்துத் திருவண்ணாமலையில், தேரடித் தெருவில் ஓர் உரக்கடையின் மேல்மாடியில், தகர உருளை ஒன்றின் மூடியைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தேன்.

அதே அம்மோனியா. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் கொட்டாவி விடுவார்கள், உங்களிடம் சொல்கிறேன். அப்போதெல்லாம் வீட்டுப் பிளான் என்பது, வெளிச்சம் ஊடுருவும் டிரேசிங் தாளில் கறுப்பு மசியால் கையால் வரைவது. அதற்குப் பிரதி எடுக்க ஒரு மஞ்சள் பூச்சுத் தாள் உண்டு. அதன்மேல் டிரேசிங்கைப் பரப்பி, கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி, மொட்டைமாடி வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்துப்போகும். கோட்டின் நிழல் விழுந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருக்கும். பிறகு அந்தத் தாளைச் சுருட்டித் தகர உருளைக்குள் விட்டு மூடினால், அடியில் கிண்ணத்தில் இருக்கும் அம்மோனியா ஆவி மேலேறி, மஞ்சள் கோடெல்லாம் நீலமாக எழுந்து வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. நூறாவது தடவை பார்த்தபோது தும்மல் மட்டும் வந்தது.

அந்த நெடி சட்டையில் ஏறினால் மூன்று துவைப்புக்கு இறங்காது. நான் சாப்பிடும் மெஸ்ஸில் எனக்கு மட்டும் ஜன்னலோரத்தில் இலை போடுவார்கள். செங்கம் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் என்றாலும் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும், பக்கத்து சீட்டும் சேர்த்து. ஊரில் எனக்கு ஏதோ செல்வாக்கு இருக்கிறது என்று ஆறு மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேல்மாடி ஆபீஸ் நடேசன் ஓவர்சியருடையது. சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் என்றால் இரண்டு சாய்வு மேஜை, ஒரு மர அலமாரி, ஓவர்சியர், நான். அவ்வளவுதான். நான் ஐ.டி.ஐ.யில் படம் வரையும் படிப்பு முடித்துச் சான்றிதழோடு வந்திறங்கியவன். அங்கே எனக்குப் பத்து வகைக் கோடு சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மையக்கோடு, மறைகோடு, வெட்டுக்கோடு, அளவுக்கோடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கனம், ஓர் இடைவெளி. முதல் நாள் அத்தனையையும் ஒரே படத்தில் போட்டு ஓவர்சியர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, இதில் மனிதன் குடியிருக்கப் போகிறானா அல்லது ரயில் போகப் போகிறதா என்று விசாரித்தார்.

அதன் பிறகு தன் சட்டத்தைச் சொன்னார். "இருக்கறது மெல்லிசு. வரப்போறது தடிப்பு. போவப்போறது விட்டு விட்டு. அவ்வளவுதான்டா படம். மேஸ்திரிக்கு அதுக்கு மேல சொன்னா குழம்பிடுவான். உனக்கு அதுக்கு மேல சொன்னா நீ குழம்பிடுவே."

அதாவது, வீட்டில் ஏற்கெனவே நிற்கும் சுவரை மெல்லிய கோட்டில் போட வேண்டும். புதிதாகக் கட்டப்போகும் சுவர் தடித்த கோடு. இடித்துத் தள்ள வேண்டிய சுவர் மட்டும் துண்டு துண்டாக, விட்டு விட்டு. சுற்றுவட்டாரத்தில் இருந்த கொத்தனார், மேஸ்திரி எல்லாரும் எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் இந்த மூன்றையும் பிழையில்லாமல் படிப்பார்கள். நானும் அந்தச் சட்டத்தில் அப்படியே ஊறிப்போனேன். தெருவில் போகிறவர்களையெல்லாம் மூன்றாகப் பிரிக்க ஆரம்பித்தேன். உரக்கடைக்காரரின் தொந்தி தடிப்பு. என் மீசை மெல்லிசு. உரக்கடைக் கணக்கப்பிள்ளையின் தலைமுடி விட்டு விட்டு. அந்தக் கணக்கப்பிள்ளை இன்றைக்கு என் தலையைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

மூன்று கோட்டுக்கு மூன்று பேனா. மெல்லிய கோட்டுப் பேனாதான் சனியன். முனை ஊசி மாதிரி இருக்கும், மசி கொஞ்சம் கெட்டியானாலும் அடைத்துக்கொள்ளும். அதை உதறி, ஊதி, தலையில் தேய்த்து, கடைசியில் பல்லில் கடித்து, நாக்கெல்லாம் கறுப்பாகி, அந்த நாக்கோடு ஓவர்சியருக்கு வணக்கம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். பிறகு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். மசிப் புட்டியில் நாலு சொட்டுத் தண்ணீர். பேனா வாய்க்கால் மாதிரி ஓடியது. டிரேசிங்கில் பார்த்தால் கோடு கறுப்பாகத்தான் தெரிந்தது, கொஞ்சம் சோகையாக. வெயிலுக்கு அந்தச் சோகை தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிச் சட்டத்தை எவ்வளவு நேரம் வெயிலில் காட்டுவது என்பதற்குக் கடிகாரம் கிடையாது. வாய்க்கணக்குதான். பத்து மணி வெயிலுக்கு அறுபது எண்ண வேண்டும், உச்சி வெயிலுக்கு நாற்பது. கம்மியானால் தாள் முழுக்க நீலம் அப்பிக்கொள்ளும். ஜாஸ்தியானால் கோடே வெந்துபோய்விடும், அதிலும் முதலில் போவது மெல்லிய கோடு. அறுபது எண்ணுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். எங்கள் மொட்டைமாடிக்கு அடுத்த மொட்டைமாடி ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுடையது. கூரைக்கொட்டகைக்குள் பத்துப் பன்னிரண்டு மிஷின்கள் சடசடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தாளத்துக்கே நான் எண்ணிப் பழகியிருந்தேன். வகுப்பு விட்டால் தாளம் நின்றுவிடும். தாளம் நின்றால் பெண்கள் வெளியே வருவார்கள். பெண்கள் வெளியே வந்தால் நாற்பத்தி மூன்றுக்கு அடுத்து என்ன என்பது எனக்கு நினைவிருக்காது.

இப்படி நான் ஊர் பார்க்கக் கணக்கை விட்ட பிளான்தான் ராஜேஸ்வரி அக்காவுடையது.

அக்கா வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்கு இட்லியும் சட்னியும் போட்டுக் கொடுப்பார். வராந்தாவில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் நின்றுகொண்டு சாப்பிட வேண்டும். கார்த்திகை தீபத்துக்குள் முன்னால் ஒரு கூடம் கட்டிவிட வேண்டும் என்று ஓவர்சியரிடம் வந்தார். கணவர் லாரி ஓட்டுபவர், மாதத்தில் இருபது நாள் வெளியூர். ஆகவே அக்கா சொல்வதுதான் பிளான். வேலை சின்னது. வராந்தாவின் குட்டைச்சுவரை இடிக்க வேண்டும், அதனால் விட்டு விட்டு. முன்னால் புதுக் கூடத்துச் சுவர்கள், தடிப்பு. வராந்தாவுக்கும் அடுப்படிக்கும் நடுவே இருக்கும் பழைய சுவர் அப்படியே நிற்க வேண்டும், மெல்லிசு. அந்த நடுச்சுவர் சும்மா நிற்கும் சுவரும் இல்லை. மேல்தளத்துக் கட்டைகள் அத்தனையும் ஒரு நுனியை அதன் தலையில் வைத்துத்தான் படுத்திருந்தன.

படத்தை வரைந்தேன். அழகாகத்தான் வரைந்தேன், அந்த நாலு சொட்டுத் தண்ணீரைத் தவிர. மறுநாள் மொட்டைமாடியில் சட்டத்தைச் சாய்த்து வைத்து எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டும்போது வகுப்பு விட்டது. நீலப் பாவாடை போட்ட ஒரு பெண் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, அது என்ன கண்ணாடி என்று கேட்டாள். ஒரு மனுஷனின் தொழிலை முதன்முதலாக ஒரு பெண் மரியாதையாக விசாரிக்கிறாள். டிரேசிங்கில் ஆரம்பித்து அம்மோனியா வரை விளக்கிவிட்டுத்தான் திரும்பினேன். எண்ணிக்கை எங்கோ போய்விட்டது. கம்மியாகிவிடக் கூடாதே என்று மறுபடி ஒன்றிலிருந்து அறுபது வரை எண்ணினேன். இரண்டாவது பிரதிக்கும் அதே மாதிரி இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு தாளும் ஒன்றுபோல இருக்க வேண்டுமே என்று. எவ்வளவு ஒழுங்கு பாருங்கள். உருளையிலிருந்து எடுக்கும்போது கண் எரிந்ததால் பிரித்துப் பார்க்கவில்லை. சுருட்டியபடியே ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு ஏழுமலை மேஸ்திரி வந்து ஒரு சுருளை வாங்கிக் கக்கத்தில் செருகிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார். ஓவர்சியர் வேறொரு பிளானுக்குக் கையெழுத்து வாங்க வேலூருக்குப் பஸ் ஏறியிருந்தார். நம்ம ஊர் தனி மாவட்டமாகி, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்ததெல்லாம் பிற்பாடு. அப்போது எல்லாவற்றுக்கும் வேலூர்தான்.

பத்தரை மணிக்கு ஆபீஸ் பிரதியை மடித்து அலமாரியில் வைக்கலாம் என்று விரித்தேன்.

வராந்தாவின் குட்டைச்சுவர் விட்டு விட்டு இருந்தது. சரி. புதுக் கூடம் தடிப்பாக இருந்தது. சரி. நடுச்சுவர் விட்டு விட்டு இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். நான் ஒரே இழுப்பில் போட்ட முழுக்கோடு வெயிலில் வெந்து, எறும்பு வரிசையைக் குழந்தை ஊதிவிட்ட மாதிரி துண்டு துண்டாகக் கிடந்தது. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குக் கோடே காணோம். மேஸ்திரியின் கக்கத்தில் போன சுருளிலும் இதேதான் இருக்கும். விட்டு விட்டு இருந்தால் இடி. சட்டம் அதுதான். இடித்தால் மேல்தளத்துக் கட்டைகளுக்குத் தலை வைக்க இடமில்லை.

கையில் இருந்த பேனா எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. உரக்கடையில் இருந்த ஒரே டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். யாருக்குப் பேசுவது? அடி அண்ணாமலையில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் எங்கும் டெலிபோன் கிடையாது. வைத்துவிட்டேன். கணக்கப்பிள்ளை யாரிடம் பேசினாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ஓவர்சியரின் சைக்கிள் கீழே நின்றது. என் உயரத்துக்கு அது ஒட்டகம். குரங்குப் பெடல் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஒரு வழியாக சீட்டில் ஏறி, செங்கம் ரோட்டில் பறந்தேன்.

வழியெல்லாம் என் வாய் சும்மா இல்லை. கூரை விழுந்தால் யார் யார் அடியில் இருப்பார்கள் என்று எண்ணியது. அன்றைக்கு அறுபதுக்கு மேலேயும் சரியாக எண்ண வந்தது. அக்னி லிங்கம் வந்தது, ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எம லிங்கம் வந்தது, அங்கே மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக மிதித்தேன், அவர் கண்ணில் படுகிற நாளா அது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும், வெறுங்காலோடு நடந்துபோன ஒரு கும்பலை முந்தினேன். அதில் தலைப்பாகை கட்டிய ஒருவர் என் பின்னால் குரல் கொடுத்தார். "சைக்கிள்ல சுத்தினா புண்ணியம் சைக்கிளுக்குத்தான் தம்பி."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தேரடித் தெருவிலிருந்து அடி அண்ணாமலைக்குக் கிட்டத்து வழி காஞ்சி ரோடு. வடக்கே திரும்பி நேராகப் போக வேண்டியவன், தெற்கே திரும்பி, மலையை வலமாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். பிறந்ததிலிருந்து மலைப் பக்கம் போனால் கால் வலப்பக்கமாகத்தான் போகும். இடமாகச் சுற்றினால் ஆகாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கால். ஒரு கூரை விழப்போகிறதே என்று அதற்குத் தனியாக யாரும் சொல்லவில்லை. திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் ஒற்றைக் காலை ஊன்றி நின்றேன். பாதிக்கு மேல் வந்தாயிற்று. தவிர, இந்த நிலைமையில் இடமாக வேறு சுற்றி அதையும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டுமா? வலமாகவே மிதித்தேன்.

அக்கா வீடு கண்ணில் படுவதற்கு முன்னால் தூசி கண்ணில் பட்டது. பாதையோரம் செங்கல் குவியல். சைக்கிள் தானாகவே போய்க் குவியலில் முட்டி என்னை இறக்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கூரை இருந்தது. கூரைமேல் மூன்று ஆட்கள் உட்கார்ந்து பழைய தட்டோடுகளைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். குவியல் குட்டைச்சுவருடையது. வராந்தாவுக்குள் எட்டிப் பார்த்தேன். நடுச்சுவர் நின்றது. அதன் நடுவில், இடுப்பு உயரத்தில், மூன்றடி அகலத்துக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் ராஜேஸ்வரி அக்காவின் முகம்.

அக்கா அடுப்படிப் பக்கம் நின்றுகொண்டு ஓட்டை வழியாக ஒரு தட்டை இந்தப் பக்கம் தள்ளினார், பின்னால் இழுத்தார், மறுபடி தள்ளினார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அடுப்படியிலிருந்து வாசல் வழியாகச் சுற்றிச் சுற்றி வந்தே இடுப்பு போயிற்றாம், இப்படிச் சுவரில் ஒரு வழி விடலாம் என்று இத்தனை வருஷம் தனக்குத் தோன்றவே இல்லையாம். "யார் தம்பி யோசனை இது? ஓவர்சியரா, நீயா?"

மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு விளக்கினார். விட்டு விட்டு இருந்தால் இடிக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மேலே கட்டை உட்கார்ந்திருக்கிற சுவராயிற்றே என்று கொஞ்சம் உறுத்தியதாம். உற்றுப் பார்த்தால் குட்டைச்சுவரின் கோடு மாதிரி ஒரே அளவில் விட்டு விட்டு இல்லை. சில இடத்தில் கோடு இருக்கிறது, நடுவில் ஒரு இடத்தில் சுத்தமாக இல்லை. படித்தவர்கள் ஏதோ புது மாதிரி சொல்கிறார்கள், கோடு இருக்கிற இடத்தில் சுவர், இல்லாத இடத்தில் ஓட்டை என்று அவராக முடிவு செய்துகொண்டார். வெயில் தின்ற இடத்தைத் தாளில் அளந்து, சுவரில் அளந்து, அங்கே மட்டும் கடப்பாரை போட்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் உண்மையைச் சொல்லியிருப்பான். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அக்கா சிரித்துக்கொண்டிருந்தார், ஒரு லோட்டாவில் மோர் வேறு வந்துகொண்டிருந்தது.

"நான்தான்கா" என்றேன்.

மோர் நன்றாக இருந்தது. பாதி குடிப்பதற்குள் அக்கா மேஸ்திரியிடம் சொன்னார். "அப்ப மீதியையும் எடுத்துடுங்க. இந்தப் பக்கம் ரெண்டடி, அந்தப் பக்கம் ரெண்டடி. ஒரே நேரத்துல மூணு தட்டு தள்ளலாம். தம்பி கோட்டுலயே அங்கங்க விட்டுத்தான இருக்குது."

மேஸ்திரி கடப்பாரையைக் கையில் எடுத்தார். கூரைமேல் டொக் டொக் என்று மூன்று பேர் கொத்துகிற சத்தம் என் தலைக்கு நேர் மேலே கேட்டது. கடப்பாரையின் நுனி சுவரைத் தொடுவதற்கும் என் கை மேஸ்திரியின் தோளைப் பிடிப்பதற்கும் சரியாக இருந்தது.

"வேணாம் மேஸ்திரி. அது யோசனை இல்ல. வெயில்."

வெயிலா என்றார் அவர். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மசியில் தண்ணீர், இரண்டு தடவை அறுபது, பிரித்துப் பார்க்காமல் கொடுத்தது, அது நிற்க வேண்டிய சுவர் என்பது. பாவாடையின் நிறம் தவிர எல்லாம். மேஸ்திரி கடப்பாரையை மெதுவாகக் கீழே வைத்தார். அண்ணாந்து, மேலே உட்கார்ந்திருந்த ஆட்களை இறங்கி வரச் சொன்னார். அவர்கள் ஒவ்வொருவராக ஏணியில் இறங்கி வந்தார்கள். அதில் கடைசியாக இறங்கியவர் மேஸ்திரியின் தம்பி என்று அப்புறம்தான் தெரிந்தது.

"பக்கத்து மாடி டைப் கிளாஸ்தான?" என்றார் மேஸ்திரி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நெனச்சேன். இது பொண்ணு பார்த்துக்கினே போட்ட கோடு." ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

அக்கா ஓட்டை வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசியில் தட்டை இந்தப் பக்கம் ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, எப்படி வந்ததோ போகட்டும், இந்த ஓட்டை எனக்கு வேண்டும், இதை விழாமல் நிறுத்துங்கள் என்றார். ஓவர்சியரிடம் நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்றும், சொன்னேனா என்று பிறகு தான் கேட்டுத் தெரிந்துகொள்வதாகவும் சேர்த்துச் சொன்னார்.

ஓட்டைக்கு மேலே பாரம் தாங்க ஒரு கல் வேண்டும். கையில் கல் இல்லை. அக்கா கிணற்றடியைக் காட்டினார். அவர் துணி துவைக்கும் கருங்கல் நாலரை அடி நீளம். ஆறு பேர் சேர்ந்து சுமந்து வந்தோம். பக்கத்தில் இருந்த கட்டைகளுக்கு மூங்கில் முட்டு கொடுத்தார்கள். ஒரு இடத்துக்கு மூங்கில் போதவில்லை. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, அந்தக் கட்டைக்கு நேர் கீழே நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கி அதைத் தாங்கச் சொன்னார்.

"நீ போட்ட கோட்டுக்கு நீதான் முட்டு" என்றார்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மேலே இருந்து சுண்ணாம்புத் தூள் கண்ணில் உதிர்ந்தது. கட்டை ஒரு தடவை முனகியது, நான் அதைவிடச் சத்தமாக முனகினேன். எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் தீர்ந்துபோய், தெரியாத சாமிகளையும் பொதுவாகக் கூப்பிட்டேன். கல் உட்கார்ந்து, சந்தில் கலவை அடைத்து முடித்ததும் மேஸ்திரி கையை எடுக்கலாம் என்றார். எனக்குப் பயம், எடுக்கவில்லை. மேஸ்திரியின் தம்பி வந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். நான் பிடித்திருந்த கட்டைக்கும் என் உள்ளங்கைக்கும் நடுவில் ஆரம்பத்திலிருந்தே ஓர் அங்குலம் இடைவெளி இருந்ததாம். ஆட்கள் அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மூங்கில் ஜாஸ்தியாகவே இருந்தது என்பதை மேஸ்திரி பல மாதம் கழித்து ஒரு டீக்கடையில் ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓவர்சியரிடம், பஸ் ஸ்டாண்டிலேயே வைத்துச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே நடந்தார். ஆபீஸுக்கு வந்து மசிப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஜன்னல் வழியாக ஊற்றினார். கீழே கணக்கப்பிள்ளை கத்தினார். அதன் பிறகு அலமாரியைத் திறந்து, அதில் இருந்த டிரேசிங் அத்தனையிலும் நான் போட்ட மெல்லிய கோடுகள் எல்லாவற்றின் மேலும் புது மசியில் மறுபடி இழுக்கச் சொன்னார். பதினெட்டு நாள் ஆயிற்று. வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று தினமும் எதிர்பார்த்தேன். பத்தொன்பதாம் நாள் அக்கா வீட்டு டிரேசிங்கை விரித்து, நடுச்சுவரில் அந்த ஓட்டையைத் தன் கையாலேயே வரைந்து சேர்த்தார். ஏற்கெனவே இருப்பதாயிற்றே, மெல்லிசுதான். இனிமேல் வாய்விட்டு எண்ண வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

வாய்விட்டு எண்ணினேன். தேரடித் தெருவே கேட்கிற மாதிரி. ஒரு வாரத்தில் டைப் கிளாஸ் முழுக்க என்னோடு சேர்ந்துகொண்டது. ஐம்பதுக்கு மேல் போகும்போது மிஷின்கள் நின்றுவிடும், பத்துப் பன்னிரண்டு குரல் ஒன்றாக "அறுவது" என்று முடிக்கும். நீலப் பாவாடைக்காரிக்கு அடுத்த தை மாதம் போளூரில் கல்யாணம் ஆயிற்று. பத்திரிகை எங்கள் ஆபீஸுக்கும் வந்தது. என் மனைவி ஆரணிக்காரி, டைப்ரைட்டிங் படித்தவளும் இல்லை. இந்தக் கட்டுரையை அவள் படித்தால் இந்தப் பத்தியை மட்டும் சத்தமாகப் படிப்பாள்.

அந்தக் கார்த்திகைக்கு அக்காவின் புதுக் கூடத்தில் ஒரே நேரத்தில் இருபது பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஓட்டை வழியாகத் தட்டு வந்துகொண்டே இருந்தது. எனக்கும் வந்தது. சட்னி வைக்க மறந்த தட்டாகப் பார்த்து எனக்குத் தள்ளுவார். நான் எட்டிப் பார்த்துக் கேட்டால், சட்னி அங்கங்கே விட்டு விட்டு வைத்திருக்கிறேன், நன்றாகப் பார் என்பார். எத்தனையோ பௌர்ணமிக்கு இது நடந்தது. பிறகு எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கல்யாணம், பிள்ளைகள், மாற்றல். ஊருக்கு வருவதே குறைந்துபோயிற்று. ஓவர்சியர் போய்விட்டார். உரக்கடைக்கு மேலே இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். டைப் கிளாஸ் இருந்த மொட்டைமாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. பிளான் வரைகிற பையன்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் கோடு தடிக்கிறது, இன்னொன்றை அழுத்தினால் மெலிகிறது. வெயில் அதற்குள் நுழைய வழியில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. எனக்கு வாய்த்திருந்தால் நானும் அந்தப் பொத்தானைத்தான் அழுத்தியிருப்பேன், கும்பிட்டுவிட்டு.

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனேன், நடந்துதான். அடி அண்ணாமலை வந்ததும் அக்கா வீட்டைத் தேடினேன். பாதையை அகலப்படுத்தி நடைமேடை போட்டபோது அந்த வரிசையில் நாலைந்து வீடுகள் போய்விட்டன என்றார் பூ விற்கிற ஓர் அம்மாள். அக்கா மகளோடு சென்னையில் இருக்கிறாராம், கால் வலி, மற்றபடி சௌக்கியம். ஏழுமலை மேஸ்திரி தவறிப்போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. வீடு இருந்த இடத்தில் சதுரம் சதுரமாக நடைமேடைக் கல். இரண்டு வீடு தள்ளியிருந்த பிள்ளையார் கோயில் மட்டும் அப்படியே இருந்தது. அங்கிருந்து காலால் அடி எடுத்து அளந்துகொண்டே வந்தேன். அக்கா வீட்டுப் படத்தின் அளவெல்லாம் எனக்கு மனப்பாடம், பதினெட்டு நாளில் ஏறியது. வராந்தா இவ்வளவு, அடுப்படி இவ்வளவு. கணக்குப்படி அடுப்பு இருந்த இடத்தில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டடியில் நடுச்சுவர் இருக்க வேண்டும்.

பின்னால் வந்த ஒரு குடும்பம் என்மீது முட்டிக்கொண்டது. "நடுவுல நின்னா எப்படிங்க, நடங்க" என்றாள் அந்தப் பெண், குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே. சரிம்மா என்று சொல்லிவிட்டு, அடுப்படியிலிருந்து கூடத்துக்கு நேராக நடந்து போனேன். தட்டு மட்டும் போய்க்கொண்டிருந்த வழி. தோளில் எதுவும் இடிக்கவில்லை.